ஹால்டேன் போட்ட கணக்கு

சிறுமலைத் தேனைச் சுவைத்த நமக்கு, நம்மைக் கொட்டிய தேனீ தானும் மடிந்துவிடும் என்பது தெரிந்ததே. தனக்கென்று குஞ்சுகள் இல்லாத அந்த வேலைக்காரத் தேனீ, கூட்டுக்காக ஏன் உயிரை விடுகிறது? பிழைத்துச் சந்ததியைப் பெருக்குபவையே நிலைக்கும் என்றால், இக்குணம் எப்போதோ அழிந்திருக்க வேண்டுமே! இதற்கு விடை காண வழிகாட்டியவர்களுள் ஒருவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். இங்கிலாந்தில் பிறந்து, இந்தியராக மறைந்தவர்.

அவர் 1892-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் சுரங்கக் காற்றை ஆராய்ந்தவர். ஒருமுறை மகனையும் சுரங்கத்துக்குள் அழைத்துச் சென்று, நின்றபடியே நாடக வசனம் ஒன்றை ஒப்புவிக்கச் சொன்னார். சிறுவன் மூச்சுத் திணறித் தரையில் விழுந்தான். கீழே நல்ல காற்று இருந்ததால் தேறினான். மீத்தேன் வாயு லேசானது, மேலேதான் தேங்கும் என்பதை இப்படியா கற்பிப்பது! நம் ஆசிரியைகள் எவ்வளவோ மேல்.

மகனும் அதே வழியில் சென்றார். 1939-இல் தீட்டிஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பலில் 99 பேர் மாண்டனர். அதன் பிறகு ஹால்டேன் தம்மையே இரும்பு அறைகளில் அடைத்துக்கொண்டு, காற்றழுத்தம் உடலை என்ன செய்கிறது என்று சோதித்தார். அச்சோதனைகளில் வலிப்பு வந்து அவர் முதுகெலும்பு பாதிக்கப்பட்டது.

டார்வினின் இயற்கைத் தேர்வைக் கணிதத்தால் விளக்கிய மூவருள் இவரும் ஒருவர். 1955-இல் ஒரு கட்டுரையில், ஆற்றில் மூழ்கும் குழந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டார். குதித்துக் காப்பாற்றத் தூண்டும் மரபணு ஒன்று நம்மிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குதிப்பவர் பத்தில் ஒருமுறை இறக்க நேரிடலாம். மூழ்குவது நம் தம்பியானால், அவனிடமும் அம்மரபணு இருக்கப் பாதி வாய்ப்பு உண்டு. ஆகவே ஒன்று அழியும்போது ஐந்து பிழைக்கும். அண்ணன் மகனானால் இரண்டரை. சித்தப்பா பிள்ளையானால் லாபம் மிகச் சொற்பம். உறவுக்காக உயிரை விடும் குணம் அழியாமல் தொடர்வது இப்படித்தான். ஆனால், தாம் இருமுறை பிறரைத் தண்ணீரிலிருந்து இழுத்துக் காப்பாற்றியபோது இக்கணக்கைப் போட நேரமே இருக்கவில்லை என்றும் அவரே அங்கு எழுதியிருக்கிறார். அந்த நீர்மூழ்கிக் கப்பலில் இருந்தவர்களும் அவருடைய தம்பிமார் அல்லவே!

1957-இல் மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தார். குர்தா அணிந்தார், சைவ உணவுக்கு மாறினார், இந்தியக் குடியுரிமையும் பெற்றார். விலை உயர்ந்த கருவிகள் இல்லாமலே, பூவையும் பறவையையும் கூர்ந்து பார்த்து ஆராயலாம் என்று இளைஞர்களுக்குக் காட்டினார். அவருடைய மாணவர் ஜெயகரும் ஹெலனும் ஆராய்ந்த பறவை, நமக்கும் பழக்கமான மஞ்சள் மூக்கு ஆட்காட்டி! நம் திண்டுக்கல் பொட்டல்களில், ஆளைக் கண்டதும் கத்தித் தன் முட்டைகளுக்காகப் படபடக்கும் பறவைதான்.

1962-இல் புவனேஸ்வரத்துக்குச் சென்று ஆய்வுக்கூடம் அமைத்தார். 1964-இல் ஹாமில்டன் என்ற இளைஞர் இந்த உறவுக் கணக்கை முழுமையாக வகுத்து வெளியிட்டார். அதே ஆண்டு டிசம்பர் முதல் நாள் ஹால்டேன் புற்றுநோயால் காலமானார். அவர் விருப்பப்படியே அவரது உடல், மாணவர்கள் கற்பதற்காகக் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது.