கையை விட்டு விமானம் ஓட்டியவர்!

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்று வீசும்போது சைக்கிளில் போனவர்களுக்குத் தெரியும். பிடி சற்றுத் தளர்ந்தால் வண்டி சாய்ந்துவிடும்.

ஆதி காலத்து ஆகாய விமானமும் அப்படித்தான். விமானி கையை எடுத்தால் ஆபத்து. ஒரு காற்று அடித்தால் விமானம் கவிழ்ந்துவிடும்.

இந்தக் கவலையைத் தீர்க்க வழி கண்டவர் லாரன்ஸ் ஸ்பெர்ரி.

பம்பரத்தின் குணம்

அவர் 1892-ம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி அமெரிக்காவில் உள்ள சிகாகோ நகரில் பிறந்தார். தந்தை எல்மர் ஸ்பெர்ரி. கடலில் கப்பல் ஆடாமல் இருக்க, சுழலும் சக்கரத்தைக் கொண்டு கருவி செய்தவர்.

வேகமாகச் சுற்றும் பம்பரம் லேசில் சாயாது. சுழலும் சக்கரத்துக்கும் அதே குணம் உண்டு. விமானம் சாய்ந்தாலும் உள்ளே சுழலும் சக்கரம் சாயாது. அதை வைத்து விமானத்தின் சாய்வைக் கண்டுபிடிக்கலாம். உடனே இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் பலகைகளைத் தானாகவே திருப்பி, விமானத்தை நிமிர்த்தலாம்.

இப்படி ஒரு கருவியை மகன் லாரன்ஸ் விமானத்தில் பொருத்தினார்.

ஆசனம் காலி!

1914-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி. பாரிஸ் அருகே பெஸான் என்ற ஊரில் விமானப் பாதுகாப்புப் போட்டி நடந்தது. சைன் நதிக்கரையில் கூட்டம் கூடியிருந்தது. லாரன்சுக்கு வயது 21.

முதலில் அவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி பறந்து வந்தார். விமானம் நேராகப் போயிற்று.

அடுத்த முறை, கூட இருந்த மெக்கானிக் எமில் காஷான் இறக்கை மீது ஏறி நின்றார். ஒரு பக்கம் பாரம் கூடியது. கருவி அதைச் சரிக்கட்டிவிட்டது.

மூன்றாம் முறை லாரன்சும் எழுந்து மறு இறக்கைக்குப் போய்விட்டார். ஓட்டுகிறவர் ஆசனத்தில் யாருமே இல்லை! கருவி தவறினால் இருவர் உயிரும் போயிருக்கும். அது தவறவில்லை. 50,000 பிராங்க் பரிசு கிடைத்தது.

கடலில் முடிந்த வாழ்வு

1923-ம் ஆண்டு டிசம்பர் 13-ந் தேதி, இங்கிலாந்திலிருந்து சிறிய விமானம் ஒன்றில் தனியே புறப்பட்டார். ஆங்கிலக் கால்வாயைத் தாண்ட வேண்டும். ஆனால் கரை சேரவில்லை. விமானம் கடலில் கிடந்தது. அவர் உடல் 1924-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதிதான் கிடைத்தது. 31 வயது நிறைய எட்டு நாள் இருக்கையில் உயிர் பிரிந்துவிட்டது.

அவர் தொடங்கிய வேலை நிற்கவில்லை. 1933-ம் ஆண்டு வைலி போஸ்ட் என்ற விமானி, ஸ்பெர்ரி கம்பெனியின் கருவித் துணையோடு, எட்டு நாளுக்குள் தனியாக உலகைச் சுற்றி வந்தார்.

இன்று சக்கரத்துக்குப் பதிலாக ஒளிக்கதிரால் அசைவை அறியும் கருவிகளும் வந்துவிட்டன. நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகள் திருவனந்தபுரத்தில் ஏறி வளைகுடாவுக்குப் பறக்கிறார்கள். வழியில் பெரும்பாலான நேரம் விமானத்தைப் பிடித்திருப்பது கருவிதான். ஆனாலும் விமானிகள் கண் விழித்துக் காவல் இருக்கிறார்கள்.