வில்ஹெல்ம் லுக்ஸ்

யோகான் யோசெப் வில்ஹெல்ம் லுக்ஸ் (இறப்பு: 1849) ஒரு ஜெர்மானியக் கால்நடை மருத்துவர் ஆவார். இவர் கால்நடை ஓமியோபதியின் முன்னோடியாகவும், ஐசோபதி என்னும் கிளைமுறையைத் தோற்றுவித்தவராகவும் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

சிலேசியாவின் ஒப்பெல்ன் நகரில் (இன்று போலந்தின் ஒப்போலே) பிறந்த லுக்ஸ், லைப்சிக் நகரில் தொழில் புரிந்தார். ஓமியோபதியைத் தோற்றுவித்த சாமுவேல் ஹானிமன் 1811 முதல் 1821 வரை வாழ்ந்ததும் இந்நகரிலேயே ஆகும். அக்காலத்தில் நோயுற்ற மாட்டுக்குக் குருதி வடித்தலும் கடும் பேதி மருந்து புகட்டலுமே வழக்கமான மருத்துவமாக இருந்தன. மிகவும் நீர்த்த ஓமியோபதி மருந்து தீங்கேனும் செய்யவில்லை. இம்முறை பரவ இதுவும் ஒரு காரணம் எனலாம்.

ஐசோபதி

1830களின் தொடக்கத்தில், வெக்கை நோய்க்கும் அடைப்பானுக்கும் ஓமியோபதி மருந்து உண்டா என ஹங்கேரியிலிருந்து வாலன்டைன் சிப்ரிக் என்பவர் லுக்சிடம் கேட்டார். தமக்கு அத்தகைய மருந்து தெரியாது என்று லுக்ஸ் ஒப்புக்கொண்டார். எனினும் வெக்கை கண்ட மாட்டின் மூக்குச்சளியில் ஒரு துளியையும், அடைப்பான் கண்ட மாட்டின் குருதியில் ஒரு துளியையும் தனித்தனியே 30ஆம் வீரியம் வரை நீர்த்து அந்தந்த நோய்க்குக் கொடுத்துப் பார்க்குமாறு கூறினார். ஒத்ததை ஒத்ததால் குணப்படுத்துவது ஹானிமனின் கொள்கை. நோய்ப்பொருளாலேயே அந்நோயைக் குணப்படுத்துவது லுக்சின் கொள்கை. இதனை 1833இல் நூலாக வெளியிட்டார். ஹானிமன் இதனை ஏற்கவில்லை. எனினும் நோசோடு எனப்படும் மருந்துகள் பெருக இதுவே வழிகோலியது.

பிற்காலம்

ஒன்றுக்கு நூறாக முப்பது முறை நீர்த்தால் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு கூட எஞ்சாது என்பது அவகாட்ரோ எண்ணிலிருந்து தெளிவாகும். கிருமிக் கொள்கை உருவாகாத காலத்தில் லுக்ஸ் இதனை அறிந்திருக்க வாய்ப்பில்லை. 1881இல் லூயி பாஸ்டர் ஆடுகளுக்குப் போட்ட அடைப்பான் தடுப்பூசியும் நோய்ப்பொருளிலிருந்தே உருவானது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றெனவே தோன்றும். ஆனால் அத்தடுப்பூசியில் வலுவிழந்த கிருமி இருந்தது. நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டியது அக்கிருமியே. நோசோடு தடுப்பூசிக்கு ஈடாகும் என்பதற்குச் சான்று இல்லை.

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி அடங்கியிருந்த அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தின் இராணிப்பேட்டையில், 1932இல் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிறுவனம் தொடங்கப்பட்டது. வெக்கை நோய்க்கான தடுப்பு மருந்துகளை இந்நிறுவனம் தயாரித்தது. உலகில் அந்நோய் அறவே ஒழிந்துவிட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது. அடைப்பான் இன்னும் ஒழியவில்லை. அது தென்படும் பகுதிகளில் மாடுகளுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடப்படுகிறது.