யாழ் நரம்பும் அட்சரகணிதமும்

மட்டக்களப்புத் தமிழகத்தின் தென்பாலுள்ள காரைதீவில் 1892ஆம் ஆண்டு சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகனாகத் தோன்றிய மயில்வாகனனாரே, பின்னாளில் விபுலாநந்த அடிகள் எனப் போற்றப்பெற்றார். அடிகளாரின் தமிழ்ப் புலமையைப் பேசாத மேடையில்லை. அவர்தம் கணித அறிவைப் பேசுவோரோ மிகச் சிலர். அக்குறையைச் சிறிதளவேனும் நிரப்புதலே ஈண்டு என் கருத்து.

1916ஆம் ஆண்டில் அடிகளார் கொழும்பில் விஞ்ஞான டிப்புளோமாப் பெற்றார். அவ்வாண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதருமானார். மறு ஆண்டு யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராய் அமர்ந்தார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் எய்தினார். 1924இல் துறவு பூண்டவர் கணக்கைத் துறந்தாரல்லர். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை அடியாகக் கொண்டு, வழக்கொழிந்த யாழைப் பல்லாண்டு ஆராய்ந்தார். சொற்பொருள் உரைப்பதோடு அமையாது, இசை நரம்புகளின் அலகுகளை எண்ணால் அளந்து காட்டினார்.

அவ்வளவையை அறிதற்கு அட்சரகணிதத்தின் முதற் பாடங்களே துணையாவன. தடிப்பும் இழுவிசையும் மாறாதிருப்பின், நரம்பு ஒருமுறை அதிர்தற்கு வேண்டும் காலம் அதன் நீளத்துக்கு நேர்விகிதசமமாகும். நீளம் இருமடங்காயின் காலமும் இருமடங்காம். இதனை வரைபிற் குறித்தால் தொடக்கப் புள்ளியூடாகச் செல்லும் நேர்கோடு கிடைக்கும். குரல் ஒலிக்கும் நரம்பைப் பாதியாகக் குறைப்பின் மேற்றானத்துக் குரல் பிறக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கின் இளி பிறக்கும்.

இழுவிசையின் இயல்போ வேறு. நீளத்தை மாற்றாது, செக்கனுக்குரிய அதிர்வுகளை இருமடங்காக்க நான்கு மடங்கு இழுவிசை வேண்டும்; மும்மடங்காக்க ஒன்பது மடங்கு வேண்டும். இதன் வரைபு நேர்கோடன்று. வரவரச் செங்குத்தாய் எழும் பரவளைவு. எனவே ஒரே நீளமுள்ள நரம்புகளை முறுக்கியே சுருதி உயர்த்தப் புகுவோமாயின் அவை விரைவில் அறுந்துபோம். வில்யாழில் நரம்புகள் ஒன்றினொன்று குறுகிச் செல்லும் அமைப்பின் நுட்பம் இதனாற் புலனாகின்றது.

யாழ்நூல் 1947ஆம் ஆண்டு யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. யூலை 19இல் அடிகளார் மறைந்தார். அவர் பூதவுடல் கல்லடி உப்போடையிலே அடக்கஞ் செய்யப்பெற்றது.

பண்டித வகுப்பு மாணவர் பலர் யாழ்நூலின் செய்யுட் பகுதிகளைச் சுவைத்துக் கணக்குப் பக்கங்களைப் புரட்டிவிடுதலை யான் காண்கின்றேன். கணக்கு விஞ்ஞான மாணவர்க்கே உரியதென்பது அவர் எண்ணம். விஞ்ஞான மாணவரோ அந்நூல் பண்டிதர்க்கே உரியதென ஒதுக்குகின்றனர். இருசாராரும் கைவிடின் அந்நூலைக் கற்பவர் யார்? ஒரே ஆண்டில் இருதுறையும் கைவரப்பெற்ற ஒருவர் இயற்றிய நூல் அது. தமிழாசிரியரும் கணித ஆசிரியரும் ஒருங்கிருந்து அதனைக் கற்பிப்பாராயின், அடிகளாரின் உழைப்பு முழுப்பயன் அளிக்கும்.