ஐடியாவே வரலையா? குற்றாலத்து ரசிகமணி கதையைக் கேளுங்க!

மே மாசம் ஐந்தருவிக்குப் போயிருக்கீங்களா? வெயில் கடுமையான வருஷம்னா வெறும் பாறைதான் இருக்கும். அதே இடத்துக்கு சீஸன்ல போனா, குளிக்க வரிசையில நிக்கணும். பாறை மாறலை. மலை மேல மழை பெஞ்சிருக்கு, அவ்வளவுதான்.

எழுதுறவங்க, வரையுறவங்க, ரீல்ஸ் எடுக்குறவங்க எல்லாருக்கும் இந்த மே மாசம் வரும். நோட்ஸ் ஆப்பைத் திறந்து வெச்சுட்டு அரை மணி நேரமா ஒரு வரிகூட வராம உட்கார்ந்திருப்போம். 'நம்மகிட்ட சரக்கு தீர்ந்துபோச்சோ'ன்னு பயம் வேற. அப்படி ஒரு நாள்ல நீங்க தெரிஞ்சுக்க வேண்டியவர், குற்றாலத்தில் வாழ்ந்த டி.கே.சிதம்பரநாத முதலியார். 'ரசிகமணி' டி.கே.சி-ன்னா தமிழ்நாட்டுக்கே தெரியும்.

கோர்ட்டுக்குப் போகாத வக்கீல்

தென்காசிக் குடும்பம். சட்டம் படித்துப் பட்டம் வாங்கினார். ஆனால், வக்கீல் தொழிலில் அவருக்கு மனசு ஒட்டவே இல்லை. சரி, கவிஞரா? அதுவும் இல்லை. அடுத்தவர் எழுதிய கவிதையை ரசிக்கத் தெரியும். கையில் இருந்தது அது ஒன்றுதான். இன்றைக்கு நம் வீட்டில் ஒருத்தர் இப்படி இருந்தா, சொந்தக்காரங்க என்ன சொல்லியிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க!

அவர் அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டார். 1920-களில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இருந்த அவர் வீட்டு வட்டமான தொட்டிக்கட்டில் ஞாயிறு மாலை நண்பர்கள் கூடினார்கள். அதுதான் 'வட்டத்தொட்டி'. அங்கே மேடை இல்லை, தலைவர் உரை இல்லை. கம்பன் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வார். நிறுத்தி நிதானமாகச் சொல்வார். திரும்பவும் சொல்வார். கேட்கிறவருக்குப் பாட்டின் உணர்ச்சி பிடிபடும் வரை விடமாட்டார்.

குற்றாலத்து வீடு

1930 முதல் 1935 வரை இந்து அறநிலைய வாரியத்தில் ஆணையராக இருந்தார். அது முடிந்ததும் சென்னையிலேயே தங்கி அடுத்த பதவியைத் தேடவில்லை. குற்றாலத்துக்கு வந்துவிட்டார். காலையில் அருவிக் குளியல், பிறகு வயிறார சாப்பாடு, அப்புறம் கவிதை. ராஜாஜி வந்தார், கல்கி வந்தார். இடைசெவலில் இருந்து கி.ராஜநாராயணன் என்ற இளைஞரும் வந்தார். அந்த இளைஞர் பெரிய எழுத்தாளராக அறியப்பட்டதெல்லாம் டி.கே.சி மறைந்த பிறகுதான்.

எல்லாம் சுகமாகவே போகவில்லை. மகன் தீத்தாரப்பன் இளம் வயதில் இறந்துபோனார். ஆறுதலாகக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஒரு பாட்டு எழுதி அனுப்பினார். பிள்ளையைப் பறிகொடுத்த அந்த நிலையிலும் அந்தப் பாட்டின் அழகு டி.கே.சி-யின் கண்ணுக்குத் தப்பவில்லை. துக்கம் போய்விட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. துக்கத்துக்குள்ளேயும் ரசிக்கும் மனசு மூடிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

'கல்கி' பத்திரிகையில் கம்பனைப் பற்றி அவர் தொடர் எழுதியபோது வயது அறுபதை ஒட்டி இருந்தது. அத்தனை வருஷம் ரசித்ததுதான் எழுத்தாக வந்தது.

ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிடணும். கம்பராமாயணத்தில் தன் மனசுக்கு ஒட்டாத பாடல்களை எல்லாம் கம்பன் பாடியதே இல்லை என்று தள்ளினார். சில சொற்களைத் திருத்தவும் செய்தார். புலவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. ரசனை எவ்வளவு பெரிசானாலும் அது ஆதாரம் ஆகிவிடாதே!

நமக்கு என்ன?

ஐடியா வராத நாள்ல நாம என்ன பண்றோம்? இன்ஸ்டாவைத் திறக்குறோம். நூறு ரீல்ஸ் பார்க்குறோம், ஒண்ணுகூட நினைவுல நிக்கிறதில்லை. மலையில மழை பெய்யாம அருவிக்குக் கீழ வாளியை வெச்சுட்டு நிக்கிற கதைதான்.

டி.கே.சி பண்ணினதுல மூணு விஷயம் நாமளும் செய்யலாம். ஒரே ஒரு பாட்டையோ, கதையையோ, படத்தையோ எடுத்துக்குங்க. அதை வாரம் முழுக்கத் திரும்பத் திரும்பப் படிங்க, பாருங்க. கவிதைன்னா வாய்விட்டே சொல்லிப் பாருங்க. அடுத்து, அது ஏன் பிடிச்சதுன்னு ஒரு நண்பர்கிட்ட சொல்லுங்க. மூணாவது, கடிதம். அவர் நண்பர்களுக்கு எக்கச்சக்கமா கடிதம் எழுதினார். பின்னாடி அதுவே புத்தகமா வந்துச்சு. போஸ்ட் போட வராத நாள்லகூட, ஒருத்தருக்கு நாலு வரி எழுத நமக்கு வரும்தானே?

1954-ல் டி.கே.சி மறைந்தார். ஐந்தருவிக்குப் போகிற சாலையில் அவருடைய நினைவிடம் இருக்கு. அடுத்த தடவை அந்தப் பக்கம் போனா, வண்டியை ஓரமா நிறுத்தி அஞ்சு நிமிஷம் இருந்துட்டு வாங்க. மே மாசமா இருந்தாலும் பரவாயில்லை. கூட்டமும் இருக்காது!