அலெக்சாந்திரியாவின் அத்தனாசியஸ்

சென்ற வருடம் என் வார்டில் இருந்த ஓர் அம்மா இன்சுலின் ஊசியை மறுத்துவிட்டார். கர்த்தரே பரிகாரி, மருந்து எடுப்பது அவிசுவாசம் என்று யாரோ ஒருவர் யாத்திராகமம் 15ஆம் அதிகாரத்தைக் காட்டிச் சொல்லியிருந்தாராம். நான் வாதாடவில்லை. எசேக்கியா ராஜாவின் கட்டிக்கு அத்திப்பழ அடை வைத்துக் கட்டச் சொன்ன ஏசாயா 38ஆம் அதிகாரத்தை அவருடைய வேதாகமத்திலேயே எடுத்துக் கொடுத்தேன். மாலையில் ஊசி போட்டுக்கொண்டார். வசனத்தை ஒப்புவித்தவுடன் உட்கார விடாமல், யார், யாருக்கு, எப்போது, எதற்காகச் சொன்னது என்று கேட்ட நமது வேதாகம வகுப்பை அன்று நினைத்துக்கொண்டேன். அதே கேள்விகளைக் கேட்டே ஒரு காலத்துச் சபையைக் காத்தவர் அத்தனாசியஸ்.

4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற குருவானவர், தேவகுமாரன் படைக்கப்பட்டவரே என்று போதித்தார். மாலுமிகளும் மாவரைப்போரும் பாடும்படி அதைப் பாட்டாகவும் கட்டினார். அவர்கள் பெரிதும் நம்பியிருந்த வசனம் நீதிமொழிகள் 8:22. 325இல் நிசேயாவில் கூடிய சங்கத்துக்கு அத்தனாசியஸ் தம் பேராயரின் உதவியாளராக, இளம் உதவிக்குருவாகப் போனார். 328இல் தாமே பேராயரானார்.

ஆரியுஸின் கூட்டத்தாருக்கு எதிராக எழுதியபோது, அந்த ஒரே வசனத்துக்காகப் பக்கம் பக்கமாக எழுதினார். நீதிமொழி உவமையாகப் பேசும் நூல் என்றார். யோவான் சுவிசேஷத்தின் முதலாம் அதிகாரத்தோடு சேர்த்து வாசிக்க வைத்தார். நிசேயாவின் முக்கிய சொல்லே வேதத்தில் இல்லையே என்று எதிராளிகள் மடக்கினார்கள். சொல் இல்லை, பொருள் இருக்கிறது என்பது அவர் பதில். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சாந்த சொரூபி என்று அவரை எழுத மாட்டேன். பேனாவில் கடுமை அதிகம். எதிரிகளும் சும்மா இருக்கவில்லை. அர்சேனியுஸ் என்பவரைக் கொன்று கையை வெட்டினார் என்று ஒரு கையையே கொண்டுவந்து காட்டினார்களாம். அத்தனாசியஸ் அந்த மனிதரை உயிரோடு, இரண்டு கைகளோடும் சபைமுன் நிறுத்தினாராம்!

45 வருடப் பேராயர் பணியில் ஐந்து தடவை நாடு கடத்தல். கிட்டத்தட்ட 17 வருடங்கள் திரியரிலும் ரோமிலும் எகிப்தின் வனாந்தரத்திலும் கழிந்தன. 356இல் இராக்கால ஆராதனை நடக்கும்போதே படைவீரர் ஆலயத்துக்குள் புகுந்தார்கள். துறவிகள் அவரை ஒளித்து வைத்தார்கள்.

அவருடைய பெயரைத் தாங்கிய விசுவாசப்பிரமாணம் ஜெபப்புத்தகத்தில் உண்டு. அதை அவர் எழுதவில்லை. 367இல் உயிர்த்த ஞாயிறுக்காக அவர் எழுதிய நிருபமோ அவருடையதுதான். நாம் கையில் வைத்திருக்கும் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும், கூடாமலும் குறையாமலும், அதில்தான் முதன்முதலாக ஒரே பட்டியலாகக் காண்கிறோம். 373இல், தம் சொந்த ஊரில், பேராயராகவே கண்மூடினார்.