புகையைக் குறைத்த நோபல்!

தீபாவளிக்கு ராக்கெட் விட்டிருப்பீர்கள். சர்ரென்று அது கிளம்பும்போது எவ்வளவு புகை! அதற்குள் இருப்பது கருமருந்து. வெடியுப்பு, கரித்தூள், கந்தகம் மூன்றும் கலந்தது. பல நூறு ஆண்டுகள் துப்பாக்கிக்கும், பீரங்கிக்கும் இதுதான் மருந்து. ஆனால், நம்ம ஆவடியில் தயாராகும் டாங்கிகளின் பீரங்கியில், குண்டைத் தள்ளுவது இது இல்லை. ஏன் தெரியுமா?

கருமருந்து எரிந்த பின், எடையில் பாதிக்கு மேல் புகைத்துகளாகவும், கசடாகவும் மிஞ்சும். அந்தக்காலத் துப்பாக்கியில், குழலின் வாய் வழியே மருந்தைக் கொட்டி, குண்டைக் கம்பியால் இடித்து இறக்குவர். சில முறை சுட்டதும் உள்ளே கசடு படிந்து, அடுத்த குண்டு இறங்காமல் அடம் பிடிக்கும். போர்க்களத்திலோ, புகையில் எதிரி இருக்கும் இடமே தெரியாது.

இதற்கு மாற்று கண்டவர்களில் ஒருவர், ஆல்பிரட் நோபல். ஆமாம், நோபல் பரிசு நோபலேதான்!

ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில், 1833 அக்டோபர் 21ல் பிறந்தார். நைட்ரோகிளிசரின் என்ற, தொட்டால் வெடிக்கும் எண்ணெயைப் பழக்க முயன்றார். 1864ல் நடந்த வெடிவிபத்தில், அவரது தம்பி எமில் உட்பட சிலர் இறந்தனர். ஆனாலும் ஆராய்ச்சியை விடவில்லை. 1867ல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அது பாறையை உடைக்கும், துப்பாக்கிக்கு ஆகாது.

பாரிசில் குடியேறிய நோபல், நைட்ரோகிளிசரினையும், அமிலத்தில் பதப்படுத்திய பருத்தியையும் சேர்த்து, 1887ல் ஒரு புது மருந்து தயாரித்தார். பெயர், பாலிஸ்டைட். பெரும்பாலும் வாயுவாகவே மாறுவதால் புகை மிகக் குறைவு. வேகமும் அதிகம். ஒரே சிக்கல், பழைய துப்பாக்கிக் குழல் அந்த அழுத்தத்தைத் தாங்காமல் வெடித்துவிடும்! அதனால், வெளிநாடுகளில் இன்றும் பழைய வகைத் துப்பாக்கியால் குறிபார்த்துச் சுடுவோர், கருமருந்தையோ, அதைப் போலவே அழுத்தம் தரும் வேறு மருந்தையோதான் போடுகின்றனர்.

பிரான்சிடம் ஏற்கனவே வியேல் என்பவர் கண்டுபிடித்த புகையில்லா மருந்து இருந்தது. அதனால் நோபலின் மருந்தை வாங்கவில்லை. இத்தாலி வாங்கியது. வந்தது வினை! நோபல் உளவாளி என்று பிரான்சில் குற்றம் சாட்டினர், ஆய்வுக்கூடத்தைச் சோதனையிட்டனர். சுமார் 18 ஆண்டுகள் வாழ்ந்த ஊரை விட்டு, 1891ல் இத்தாலியின் சான்ரெமோவுக்குப் போனார்.

அடுத்த அடி இங்கிலாந்தில் விழுந்தது. அந்நாட்டு அரசின் வெடிமருந்துக் குழுவில் இருந்த ஏபல், டூவர் இருவருக்கும் தன் மருந்து பற்றி நோபல் விளக்கியிருந்தார். அவர்களோ 1889ல், பாலிஸ்டைட் போலவே ஒன்றைச் செய்து, கார்டைட் என்று காப்புரிமை பெற்றனர். கயிறு போல இருந்ததால் அந்தப் பெயர். நோபலின் நிறுவனம் வழக்குப் போட்டது. தன் காப்புரிமையில் அவர், கரையக்கூடிய வகைப் பருத்தி என்று எழுதியிருந்தார். கார்டைட்டில் இருந்ததோ கரையாத வகை. அந்த ஒரு சொல்லால், 1895ல் வழக்கு தோற்றது. மறுஆண்டு டிசம்பர் 10ல், சான்ரெமோவில் நோபல் காலமானார். அவரது உயில்படி 1901 முதல் பரிசுகள் தரப்படுகின்றன. 1930ல் நம் சர் சி.வி.ராமனும் பெற்றார்.

கார்டைட் நம் ஊருக்கும் வந்தது. நீலகிரி அருவங்காட்டில், 1904ல் ஆங்கிலேயர் தொடங்கிய தொழிற்சாலைக்கு கார்டைட் பேக்டரி என்றே பெயர். ஊட்டி மலை ரயிலில் போனால், குன்னூர், வெலிங்டன் தாண்டி அடுத்த ஸ்டேஷன் அருவங்காடுதான்.