ஆலைக்காரன் மகனும் அரசர்களின் ஊர்தியும்

மன்னரும் மாளிகைவாசிகளும் ஏறிச்சென்ற மோட்டார் ஊர்தியொன்றின் வரலாற்றைக் கூறப் புகுவோர், அதனை வாங்கியவர்களின் பெயர்களை அடுக்குவதோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். அதனை ஆக்கிய கைகளைப் பற்றி எழுதவே நான் விரும்புகின்றேன். றோல்ஸ் றோய்ஸ் என்னும் இரட்டைப் பெயரில் முன்னது செல்வக் குடியிற் பிறந்தவருடையது; பின்னது வறுமையில் வளர்ந்தவருடையது. அப்பின்னவராகிய ஹென்றி றோய்ஸ் மோட்டார்க் காரைக் கண்டுபிடித்தவரல்லர். பெற்றோல் எஞ்சினும் அவர் கண்டதன்று. பிறர் கண்ட பொருளைக் கையிலெடுத்து, அதன் குறைகளை ஒவ்வொன்றாகக் களைந்தவர் அவர். அத்தகைய ஒருவருக்கு அறிஞர் வரிசையில் இடமுண்டோ என்று மாணவர்கள் என்னை வினவியதுண்டு. அவருடைய வாழ்வே அதற்கு விடை கூறும் என்பது என் எண்ணம்.

இங்கிலாந்தில் பீற்றர்பரோ நகருக்கு அண்மையிலுள்ள அல்வால்டன் என்னும் சிற்றூரில், 1863 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27 ஆந் திகதி, மாவாலை நடத்திவந்த ஒருவரின் ஐந்து மக்களுள் இளையவராக றோய்ஸ் பிறந்தார். ஆலைத் தொழில் நொடித்தது. பிழைப்பை நாடி இலண்டனுக்குச் சென்ற தந்தையார், மகனுக்கு ஒன்பது வயதாகும்போது காலமானார். பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டிய பருவத்தில் அச்சிறுவன் தெருவிற் பத்திரிகை விற்றான்; வீடுவீடாகத் தந்திகளைக் கொண்டுசென்று கொடுத்தான். முறையாகப் பள்ளியில் அவன் கற்ற காலம் மிகச் சொற்பமே.

உறவுப் பெண்மணி ஒருவர் ஆண்டுக்கு 20 பவுண் செலுத்த முன்வந்தமையால், 1878 இல் பீற்றர்பரோவிலிருந்த புகையிரதத் தொழிற்சாலையிற் பயிலுநராகச் சேரும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. பயிற்சி நிறைவுறுமுன் அப்பணமும் நின்றுபோயிற்று. பின்னர் லீட்ஸ் நகரிலே வாரத்துக்கு 54 மணி நேரம் உழைத்து 11 சிலின் கூலி பெற்றார். அதன்பின் இலண்டன் மின்விளக்குக் கம்பனி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே இரவு வகுப்புகளுக்குச் சென்றார். மின்சாரம் அக்காலத்திற் புதிய துறை. அத்துறையிற் பட்டம் பெற்றோர் மிகச் சிலராகவே இருந்தமையால், பட்டமில்லாதவரும் நுழைவதற்கு அதன் கதவு திறந்திருந்தது.

1884 இல் சேமிப்பாக இருந்த 20 பவுணை முதலாக வைத்து, ஏர்னஸ்ற் கிளேர்மன்ற் என்னும் நண்பருடன் கூட்டுச் சேர்ந்து, மன்செஸ்டர் நகரின் குக் வீதியிற் சிறு பட்டறையொன்றைத் திறந்தார். மின்சார மணிகள் முதலிற் செய்யப்பட்டன. அப்பால் மின்பிறப்பாக்கிகளும், இறுதியில் மின்சாரப் பாரந்தூக்கிகளும் அங்கு உருவாயின. நண்பர் இருவரும் பட்டறையின் மேலேயே குடியிருந்தனர். வேலையில் ஆழ்ந்துவிட்டால் றோய்ஸுக்குப் பசி தோன்றாது. பிற்காலத்திற் பணம் பெருகிய பின்னரும் இப்பழக்கம் மாறவில்லை. பால்குவளையை ஏந்திக்கொண்டு தொழிற்சாலைப் பையன் ஒருவன் அவர் பின்னே திரியவேண்டியிருந்தது.

நூற்றாண்டு திரும்பியபோது அந்நியநாட்டுப் பாரந்தூக்கிகளின் போட்டியால் வியாபாரம் மந்தமடைந்தது. அந்நாளில் அவர் பழைய பிரெஞ்சுக் கார் ஒன்றை வாங்கினார். அது நல்ல கார்தான். ஆயினும் அதன் இரைச்சலும் அதிர்வும் அவர் மனத்தை உறுத்தின. அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றி ஆராய்ந்தவர், திருத்துவதிலும் புதிதாகச் செய்வதே நலமெனத் துணிந்தார். 1904 ஆம் ஆண்டு ஏப்பிரில் முதலாந் திகதி, இரண்டு சிலிண்டரும் பத்துக் குதிரைவலுவும் உடைய அவரது முதற் கார் தெருவுக்கு வந்தது.

மே மாதம் 4 ஆந் திகதி மன்செஸ்டரின் மிட்லண்ட் ஹோட்டலில் அவரைச் சந்திக்க வந்தவர் சாள்ஸ் றோல்ஸ். பிரபு ஒருவரின் மைந்தர்; கேம்பிரிட்ஜிற் பொறியியல் கற்றவர்; இலண்டனில் அந்நியநாட்டுக் கார்களை விற்றுவந்தவர். தம் நாட்டில் ஆன சிறந்த காரொன்றை விற்கவேண்டும் என்பது அவருடைய வேட்கை. றோய்ஸின் காரில் ஒருமுறை ஏறியதும் அவர் மனம் முடிவுசெய்துவிட்டது. றோய்ஸ் செய்யும் கார்கள் யாவற்றையும் இருவர் பெயராலும் விற்பதென உடன்பாடாயிற்று. 1906 இல் றோல்ஸ் றோய்ஸ் கம்பனி பிறந்தது.

அவ்வாண்டின் இறுதியில் ஒலிம்பியா கண்காட்சிக்கு வந்த ஆறு சிலிண்டர் ஊர்தியே அவ்வமிசத்தின் முதல்வி. ஆறு சிலிண்டர் எஞ்சின்களை அக்காலத்திற் பலர் செய்தனர். அவற்றின் சுழல்தண்டு அதிர்ந்து முறிவது வழக்கமாயிருந்தது. றோய்ஸ் அத்தண்டினைப் பருமனாக்கி, ஏழு தாங்கிகளில் அமர்த்தி, எண்ணெயை அழுத்தத்தோடு அவற்றுக்குச் செலுத்தினார். இவற்றுள் எந்த ஒன்றும் மந்திரவித்தையன்று. ஒவ்வொன்றையும் பொறுமையாகச் செய்துமுடித்ததே வேறுபாடு. வெள்ளி வண்ணம் பூசப்பட்ட அத்தகைய ஊர்தியொன்று, 1907 இல் மேற்பார்வையாளர் முன்னிலையில் இலண்டனுக்கும் கிளாஸ்கோவுக்குமிடையே மாறிமாறி ஓடி, பழுதினால் இடையில் நில்லாமல் 14,371 மைல்களைக் கடந்தது. ஓசையின்றிச் சென்ற அதற்குச் சூட்டிய சில்வர் கோஸ்ட், அதாவது வெள்ளி ஆவி, என்னும் பெயர் காலப்போக்கில் அவ்வினம் முழுவதற்கும் ஆயிற்று. பிறவகைக் கார்களைக் கைவிட்டு இவ்வொன்றையே செய்வதெனக் கம்பனி தீர்மானித்தது. 1908 இல் டார்பி நகரிற் புதிய தொழிற்சாலை திறக்கப்பட்டது.

வாசகர்கள் இங்கு ஒன்றை மனங்கொள்ளவேண்டும். தொழிற்சாலை செய்தது எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் மாத்திரமே. மேலேயுள்ள கூண்டையும் மெத்தைகளையும் வண்டி கட்டும் நிலையங்கள் வாங்குவோரின் விருப்பப்படி அமைத்தன. ஆகவே ஆடம்பரம் என்று நாம் காண்பது பெரும்பாலும் பிறர் கைவேலை. றோய்ஸின் வேலை கண்ணுக்குத் தெரியாமல் அடியில் இருந்தது.

1910 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் விமான விபத்தொன்றில் றோல்ஸ் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 32. அடுத்த ஆண்டிலேயே றோய்ஸும் நோயில் வீழ்ந்தார். பல்லாண்டுகள் பட்டினி கிடந்த குடலும் உறக்கமிழந்த உடலும் ஒருங்கே பழிவாங்கின. கடும் சத்திரசிகிச்சைக்குப் பின் உயிர் பிழைத்தவரைக் கம்பனியின் முகாமையாளர் குளோட் ஜோன்சன் தொழிற்சாலையிலிருந்து பிரித்துவைத்தார். மாரியிற் பிரான்சின் தென்கரையிலுள்ள லெ கனடெல் என்னும் இடத்திலும், கோடையில் இங்கிலாந்தின் தென்கரையிலும் அவர் வாழலானார். வரைபடக்காரர் சிலரும் தாதி ஒருவரும் உடனிருந்தனர். எஞ்சிய இருபதாண்டுக் காலமும் டார்பியில் உருவான பொறிகள் யாவும் இந்நோயாளியின் அறையிலிருந்து தபாலிற் சென்ற வரைபடங்களால் ஆளப்பட்டன. முதலாம் உலகப்போரின்போது அவ்வாறே பிறந்த ஈகிள் என்னும் விமான எஞ்சின் இரண்டினாலேயே 1919 இல் அல்கொக்கும் பிறவுணும் அத்திலாந்திக் சமுத்திரத்தை இடைநில்லாது பறந்து கடந்தனர்.

வெள்ளி ஆவியின் ஆயுள் ஏறக்குறைய இருபதாண்டுகள். அதற்குள் ஏழாயிரத்துக்கும் அதிகமான ஊர்திகள் வெளிவந்தன. 1925 இல் அதன் இடத்துக்கு வந்தது ஃபான்டம். அதன் வால்வுகள் சிலிண்டரின் தலைக்கு மேலே அமைந்தன. 1929 இல் வந்த இரண்டாம் ஃபான்டத்தில் அடிச்சட்டம் புதிதாயிற்று; எஞ்சினும் பல்லிணைப் பெட்டியும் ஒரே உடலாய் இணைந்தன. ஒவ்வொரு தலைமுறையும் முன்னதன் குறையை அறிந்த பிள்ளையாகவே பிறந்தது. 1930 இல் அரசாங்கம் அவருக்குப் பரோனெற் பட்டம் அளித்தது; அவரோ தம்மை ஒரு மெக்கானிக் என்றே சொல்லிக்கொண்டார்.

1933 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 22 ஆந் திகதி, தென்கரைக் கிராமமாகிய வெஸ்ற் விற்றெறிங்கில், எழுபதாவது வயதில் றோய்ஸ் மறைந்தார். அவர் தொடங்கிவைத்த பன்னிரண்டு சிலிண்டர் மூன்றாம் ஃபான்டம் 1936 இலேயே வாங்குவோர் கைக்குச் சென்றது. போருக்குப் பின் 1950 முதல் வந்த நான்காவது ஃபான்டம் பதினெட்டு மாத்திரமே. அரச குடும்பத்தினருக்கும் நாட்டுத் தலைவருக்குமே அவை உரியனவாயின. 1959 இல் ஐந்தாவதும் 1968 இல் ஆறாவதும் தோன்றின. 1971 இல் விமான எஞ்சினொன்றின் பெருஞ்செலவால் கம்பனி முறிந்து, காரும் விமான எஞ்சினும் வெவ்வேறு நிறுவனங்களாயின. கார்ப் பெயரின் உரிமை இறுதியில் ஜெர்மனியின் பி. எம். டபிள்யூ. கம்பனியைச் சேர்ந்தது. அதன் கீழ் 2003 இல் ஏழாவது ஃபான்டமும் 2017 இல் எட்டாவதும் வந்தன.

ஆலைக்காரன் மகன் செய்த ஊர்தியில் ஆலைக்காரன் மகன் ஏறமுடியாது என்பது கசப்பான உண்மை. அதனை மறைக்க நான் விரும்பவில்லை. அவ்வாறே, உணவையும் உறக்கத்தையும் துறந்த அவர் வழக்கத்தை மாணவர்க்கு நற்பண்பாகப் போதிக்கவும் எனக்கு மனமில்லை. அதற்கு அவர் செலுத்திய விலை சிறிதன்று. பொறியின் ஒவ்வோர் உறுப்புக்கும் காட்டிய பரிவைத் தம் உடலுக்கு அவர் காட்டவில்லை. ஆயினும், ஓடுகின்ற ஒன்றை ஓடுகிறதே என்று விட்டுவிடாமல், இன்னும் செம்மையாக ஓடாதோ என்று நோக்கிய கண் அவருடையது. புதியது காண்போருக்கு அளிக்கும் ஆசனத்தை அக்கண்ணுக்கும் அளிக்கலாம் என்பேன்.

அவருடைய அஸ்தி பிறந்த ஊராகிய அல்வால்டன் தேவாலயத்தில் இருக்கின்றது. ஏழாம், எட்டாம் ஃபான்டங்கள் உருவான குட்வுட் தொழிற்சாலையோ, அவர் இறுதிக் கோடைகளைக் கழித்த வெஸ்ற் விற்றெறிங்கிலிருந்து சில மைல் தூரத்திலேயே நிற்கின்றது.